மேட்டு நகரில் நீள்வால் சைக்கிள்: இரண்டு பிள்ளைகளும் 20 கிலோ அரிசியும்

ஜேர்மனியின் வூப்பர்டால் நகரில் வசிக்கும் ஒரு தாய் இவ்வாறு கேட்டிருக்கிறார்: “எனக்கு நான்கு வயதிலும் ஆறு வயதிலும் இரண்டு பிள்ளைகள். பாலர் பாடசாலை, பள்ளிக்கூடம், தமிழ்க்கடை எல்லாம் மூன்று கிலோமீற்றருக்குள் இருக்கின்றன. ஆனால் வீடு மேட்டில், கடை பள்ளத்தில். கணவர் காரை வேலைக்குக் கொண்டுபோய்விடுவார். இரண்டாவது கார் வாங்காமல், பின்பக்கம் நீண்ட லோங்ரெயில் (நீள்வால்) சைக்கிள் வாங்கலாமா, அல்லது முன்னால் பெட்டி வைத்ததுதான் நல்லதா? 20 கிலோ அரிசிப் பையையும் பிள்ளைகளையும் ஏற்றிக்கொண்டு மேடு ஏற முடியுமா? இறங்கும்போது பயமில்லையா? நாங்கள் இருப்பது மூன்றாம் மாடி, லிஃப்ட் இல்லை.”

முடியும், வாங்கலாம். ஆனால் உங்கள் கேள்விகளில் மிக முக்கியமானது இறங்குவதைப் பற்றிய கேள்விதான். ஏறுவதைப் பற்றி என் பட்டறைக்கு வரும் எல்லோரும் கேட்கிறார்கள், இறங்குவதைப் பற்றிக் கேட்பவர்கள் குறைவு. உங்கள் ஊரில் ஏறும் வேலையின் பெரும்பங்கை மோட்டர் பார்த்துக்கொள்ளும். இறங்குவதையும், பாரத்தோடு அசையாமல் நிற்பதையும் நீங்கள்தான் பார்த்துக்கொள்ள வேண்டும். ஆகவே சைக்கிளைத் தெரிவு செய்யும்போது பிறேக்கையும் ஸ்டாண்டையும் முதலில் பாருங்கள், மற்றவை பிறகு.

முன்பெட்டிச் சைக்கிளையும் நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். பிள்ளைகள் கண்முன்னே இருப்பார்கள், மழைக்கு மேலே கூடாரம் போடலாம், பைகளை அடுக்காமல் கொட்டினாலும் பெட்டி தாங்கும். ஆனால் அதன் நீளம் இரண்டரை மீற்றர் அளவில் வரும், எடையும் பெரும்பாலும் 45 கிலோவுக்கு மேல். நீள்வால் சைக்கிளில் 20 அங்குலச் சில்லு உள்ளவை சாதாரண சைக்கிளை விடச் சற்றே நீளமானவை, சில அதே நீளந்தான். மோட்டரோடு சேர்த்து 35 கிலோ அளவில் இருக்கும், ஓட்டும்போதும் சாதாரண சைக்கிள் போலவே திரும்பும். நான்கு வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகள், குறுகிய நடைபாதை, மேடு பள்ளம் எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தால் உங்களுக்கு நான் நீள்வாலையே சொல்வேன். கைக்குழந்தை இருந்திருந்தால் பதில் வேறாக இருந்திருக்கும்.

இந்த வடிவம் ஏன் பாரத்தை நன்றாகத் தாங்குகிறது என்பதைச் சொல்லிவிட்டால், எதை எங்கே வைப்பது என்பது தானாகவே விளங்கும். 1990களில் பெற்றோல் கிடைக்காத யாழ்ப்பாணத்தில் வாழ்ந்தவர்களுக்குச் சைக்கிளில் பாரம் ஏற்றுவது புதிய விடயமல்ல. விறகுக்கட்டு, சீமெந்துப் பை, சில வேளைகளில் நோயாளியும் ஒரே கரியரில்தான் போனார்கள். அந்தக் கரியரில் இருந்த குறை, பாரம் பின்சில்லின் அச்சுக்கு மேலேயோ அதற்கும் பின்னாலேயோ இருந்ததுதான். அதனால் முன்சில்லு இலேசாகி, ஹாண்டில் ஆடி, மேடு ஏறும்போது முன்பக்கம் தூக்கப் பார்க்கும். அதே பத்தாண்டில் ரோஸ் எவன்ஸ் என்ற அமெரிக்க இளைஞர் நிகரகுவாவில் ஏழை மக்களின் சுமைச் சைக்கிளைப் பற்றி யோசித்து, பின்சில்லை ஏறத்தாழ 40 சென்ரிமீற்றர் பின்தள்ளும் ஓர் இணைப்புச் சட்டத்தை உருவாக்கினார். அதை விற்பதற்காக எக்ஸ்ட்ராசைக்கிள் என்ற நிறுவனம் 1998இல் தொடங்கியது. சில்லு பின்னே போனதால் பாரம் ஓட்டுபவருக்கும் பின் அச்சுக்கும் நடுவே வந்துவிட்டது. இன்று கடையில் நீங்கள் பார்க்கும் நீள்வால் சைக்கிள்கள் எல்லாம் இந்த எண்ணத்தின் பிள்ளைகள்தான்.

இனி கணக்கைப் பார்ப்போம். சைக்கிளின் சட்டத்திலோ கையேட்டிலோ “அனுமதிக்கப்பட்ட மொத்த எடை” என்று ஓர் எண் இருக்கும். நல்ல நீள்வால் சைக்கிளுக்கு அது 180 முதல் 200 கிலோ வரை. இந்த எண்ணைச் சுமக்கக்கூடிய பாரம் என்று பலர் தவறாக விளங்கிக்கொள்கிறார்கள். அதில் சைக்கிளும் நீங்களும் அடக்கம். சைக்கிள் 35 கிலோ, பிள்ளை இருக்கை, கைப்பிடிக் கம்பி, பைகள் எல்லாம் சேர்ந்து 10, நீங்கள் 70, பிள்ளைகள் இருவரும் 37, அரிசி 20, மரக்கறி 8 என்று வைத்தால் 180 கிலோ. 200 கிலோ அனுமதி உள்ள சைக்கிளில் இது வசதியாக அடங்கும், 180 கிலோ அனுமதி உள்ளதில் விளிம்பில் நிற்கும். பின் கரியருக்குத் தனியாக ஒரு வரம்பு உண்டு என்பதையும் மறக்க வேண்டாம். அது 80 கிலோ என்றால், மேற்சொன்ன பிள்ளைகளும் பொருத்திய உபகரணங்களும் அரிசியும் மரக்கறியும் சேர்ந்து 75 கிலோ வரும். ஆகவே ஒரே பயணத்தில் இரண்டு அரிசிப் பை வேண்டாம்.

அரிசியை எங்கே வைப்பது? பக்கப் பைகளின் அடியில், உங்கள் குதிக்காலுக்கு எவ்வளவு கிட்டவோ அவ்வளவு கிட்ட, ஆனால் பெடல் சுற்றும்போது கால் இடிக்காத இடத்தில். 20 கிலோவை ஒரே பக்கம் தொங்கவிடக் கூடாது. கடையில் 10 கிலோப் பைகள் இரண்டு கிடைத்தால் அவற்றையே வாங்குங்கள், பக்கத்துக்கு ஒன்றாகப் போகும். ஒரே பைதான் கிடைக்கும் என்றால், எதிர்ப்பக்கத்தில் பருப்பு, தேங்காய், எண்ணெய், பால் ஆகியவற்றைப் போட்டு எடையைச் சமன் செய்யுங்கள். கீரை, பாண், முட்டை போன்ற இலேசான பொருட்கள் முன்கூடைக்குப் போகட்டும். அந்தக் கூடை ஹாண்டிலில் அல்லாமல் சட்டத்தில் பொருத்தப்பட்டிருந்தால், பாரம் இருந்தாலும் ஹாண்டில் இலகுவாகத் திரும்பும். கரியரின் பின்முனையில் பாரமான எதையும் வைக்காதீர்கள். சைக்கிள் அங்கே நீண்டிருப்பதால் வைக்கச் சொல்லி ஆசை காட்டும், ஆனால் பழைய கரியரின் குறை அதே இடத்தில் திரும்பி வந்துவிடும்.

நான் இதைப் பட்டுத்தான் அறிந்தேன். சைக்கிள் வாங்கிய முதல் மாதத்தில், அவசரத்தில் 20 கிலோ அரிசியை வலப்பக்கப் பையில் மட்டும் போட்டு, ஸ்டாண்டிலிருந்து தள்ளினேன். ஸ்டாண்ட் மடிந்த கணமே சைக்கிள் வலப்பக்கம் சாய்ந்தது, நான் இடப்பக்கம் நின்றதால் பிடிக்க வழியில்லை. பை கிழிந்து அரிசி முழுவதும் நடைபாதையில் கொட்டியது. அன்று பிள்ளைகள் மேலே இல்லை என்பதே ஆறுதல். ஓடும் சைக்கிள் தன்னைத்தானே நிமிர்த்திக்கொள்ளும். நிற்கும் சைக்கிளை நீங்கள்தான் நிமிர்த்திப் பிடிக்க வேண்டும். பாரச் சைக்கிளில் பல விழுதல்கள் நின்ற இடத்திலேயே நடக்கின்றன.

அதனால் ஸ்டாண்டுக்குப் பணம் செலவழிக்கத் தயங்க வேண்டாம். இரண்டு அகலமான கால்கள் உள்ளதாகவும், பாரத்தோடு முன்னே தள்ளினால் மடியக்கூடியதாகவும் இருக்க வேண்டும். முதலில் பொருட்கள், கடைசியில் பிள்ளைகள் என்பது ஏற்றும் ஒழுங்கு. இறக்கும்போது பிள்ளைகள் முதலில். சரிவான இடத்தில் ஏற்ற நேர்ந்தால், பிறேக் பிடியை ஹாண்டிலோடு ஒரு பட்டியால் இறுக்கிக் கட்டிவிடுங்கள். அதற்கென்றே சிறு இறப்பர்ப் பட்டிகள் விற்கிறார்கள். பிள்ளைகளை ஸ்டாண்டில் நிற்கும் சைக்கிளில் இருத்திவிட்டு ஒரு கணமும் விலகக் கூடாது, பால் எடுக்க மறந்து கடைக்குள் திரும்பிப் போவதற்கும் கூட. காலைப் பின்னால் வீசி ஏறும் பழக்கத்தையும் விட வேண்டியிருக்கும், பின்னால் ஒரு பிள்ளையின் முகம் இருக்கும். சட்டம் தாழ்ந்த சைக்கிளில் முன்பக்கமாகக் காலைக் கொண்டுபோவது எளிது.

மேடு ஏறுவதைச் சுருக்கமாகவே சொல்லலாம். ஜேர்மனியில் 250 வாட் மோட்டரும் மணிக்கு 25 கிலோமீற்றர் வரையான உதவியும் உள்ள சைக்கிள் சாதாரண சைக்கிளாகவே கருதப்படும். சாரதி அனுமதிப்பத்திரமும் இலக்கத் தகடும் தேவையில்லை. மோட்டர் பெடல் அச்சில் இருக்க வேண்டும், சில்லுக்குள் இருக்கும் மோட்டர் பாரத்தோடு நீண்ட மேட்டில் சூடாகித் திணறும். 85 நியூட்டன்மீற்றர் முறுக்குவிசை உள்ளதைத் தேடுங்கள். 180 கிலோ மொத்த எடையோடு 100 மீற்றர் உயரம் ஏறப் பற்றரியில் 50 வாட்-மணிக்கு அருகில் செலவாகும், ஆக 500 வாட்-மணிப் பற்றரி உங்கள் நாளுக்கு மேலதிகமாகவே போதும். குளிர்காலத்தில் அது சற்று விரைவாகத் தீரும். நிறுத்துமுன் கியரை இலேசாக்கிவிட்டே நிறுத்துங்கள். மேட்டின் நடுவே பெரிய கியரில் நின்றுவிட்டால், பாரத்தோடு மீண்டும் புறப்படுவதுதான் மோட்டர் பூட்டிய சைக்கிளிலும் கடினமான வேலை.

இப்போது இறக்கம். அதே 180 கிலோ 100 மீற்றர் இறங்கும்போது வெளிவரும் ஆற்றல் அரை லீற்றர் தண்ணீரைக் கொதிக்க வைக்கப் போதுமானது. காற்றும் ரயரும் அதில் ஒரு பங்கை எடுத்துக்கொண்டாலும், மீதி முழுவதும் இரண்டு மெல்லிய உலோகத் தட்டுகளில் வெப்பமாகத்தான் இறங்க வேண்டும். ஆகவே எண்ணெய் அழுத்தத்தில் இயங்கும் டிஸ்க் பிறேக் கட்டாயம், தட்டின் விட்டம் 180 மில்லிமீற்றருக்குக் குறையக் கூடாது, 203 இருந்தால் இன்னும் நல்லது. பிறேக்கைத் தொடர்ந்து தேய்த்துக்கொண்டே இறங்காதீர்கள். இரண்டையும் சேர்த்து அழுத்தமாகப் பிடித்து வேகத்தைக் குறைத்து, விட்டு, மீண்டும் பிடியுங்கள், விடும் இடைவெளியில் தட்டு ஆறும். வேகம் ஏறிய பின் குறைப்பது பல மடங்கு கடினம் என்பதால், மணிக்கு 20 கிலோமீற்றரைத் தாண்ட விடாமல் மேட்டின் உச்சியிலிருந்தே கட்டுப்படுத்துங்கள். நீள்வாலுக்கு இங்கே ஒரு நன்மையும் உண்டு. நீளமும் பின்பாரமும் இருப்பதால் முன்பிறேக்கை உறுதியாகப் பிடித்தாலும் பின்சில்லு தூக்காது, பின்பிறேக்கும் சாதாரண சைக்கிளில் செய்வதை விடக் கூடுதலாக வேலை செய்யும். ஈர இலைகளும் கல் பதித்த தெருவும் இருந்தால் மட்டும் முன்பிறேக்கை மென்மையாகப் பாவியுங்கள்.

சில வேளைகளில் சிறந்த பிறேக் என்பது வேறு பாதையில் போவதுதான். உங்கள் நகரத்தின் வடசரிவில், பழைய ரயில் பாதையில் அமைத்து 2014இல் முழுமையாகத் திறக்கப்பட்ட நோர்ட்பான்ட்ராஸ என்ற சைக்கிள் பாதை ஏறத்தாழ 22 கிலோமீற்றர் நீளமானது. ரயிலுக்காகப் போட்ட பாதை என்பதால் அதில் சரிவு மிகக் குறைவு. பள்ளிக்கூடமும் கடையும் அதற்குக் கிட்ட இருந்தால், கொஞ்சம் சுற்றிப் போனாலும் அந்த வழியே போங்கள். தொலைபேசி காட்டும் வழியை அப்படியே நம்ப வேண்டாம். வூப்பர்டாலின் பொதுப் படிக்கட்டுகள் நடப்பவருக்குக் குறுக்குவழி, 35 கிலோச் சைக்கிளுக்கு முட்டுச்சந்து.

பிள்ளைகளைப் பற்றிய சட்டம் தெளிவானது. ஏழு வயது நிறையாத பிள்ளையைக் குறைந்தது 16 வயதுள்ள ஒருவர், அதற்கான தனி இருக்கையில், கால் சில்லுக் கம்பிகளுக்குள் போகாதபடி மறைப்பு இருந்தால் ஏற்றிச் செல்லலாம். 2020இல் வந்த திருத்தத்தின்படி, ஆட்களை ஏற்றுவதற்கென்றே கட்டி உபகரணம் பொருத்திய சைக்கிளாக இருந்தால் அதற்கு மேற்பட்ட வயதினரையும் ஏற்றலாம். உங்கள் மூத்த பிள்ளைக்கு விரைவில் ஏழு வயதாகும் என்பதால், கையேட்டில் இதை உறுதிப்படுத்திக்கொண்டே வாங்குங்கள். சாதாரணப் பின் இருக்கைகள் பெரும்பாலும் 22 கிலோ வரைக்குமே. ஆகவே இளையவரை இருக்கையில் முன்பக்கமாகவும், மூத்தவரை அதற்குப் பின்னால் மெத்தையில், சுற்றிக் கைப்பிடிக் கம்பியும் கால்பலகையும் வைத்தும் இருத்துங்கள். மூத்தவரே பாரம் கூடியவர் என்பதால் அவரை முன்பக்கம் இருத்த நினைக்கலாம், ஆனால் நித்திரையாகிவிடக்கூடிய பிள்ளை உங்கள் முதுகுக்குக் கிட்ட இருப்பதே நல்லது. தலைக்கவசம் சட்டப்படி கட்டாயமில்லை, என் பிள்ளைகளை அது இல்லாமல் ஏற்றியதில்லை.

மூன்றாம் மாடிக்கு இந்தச் சைக்கிள் வராது, நிலவறைப் படிகளிலும் இறங்காது. வாங்குமுன் வீட்டுச் சொந்தக்காரரிடம் முற்றத்தில் கூரையுள்ள இடம் ஒன்றை எழுத்தில் கேட்டுப் பெறுங்கள். சில குறுஞ்சில்லு நீள்வால்களைப் பின்முனையில் செங்குத்தாக நிமிர்த்தி வைக்கலாம், ஒரு கதவு அகலம் போதும். பூட்டைச் சுவரிலோ நிலத்திலோ பதித்த வளையத்தோடு போடுங்கள், களவுக் காப்புறுதியும் எடுங்கள். பற்றரியை மட்டும் கழற்றி மேலே கொண்டுபோய், அறை வெப்பத்துக்கு வந்த பின் மின்னேற்றுங்கள்.

கிழமைக்கு ஒருமுறை ரயரின் காற்றைப் பாருங்கள், பக்கத்தில் அச்சிட்ட அளவுக்குள். மாதம் ஒருமுறை பிறேக் கட்டையின் தடிப்பைப் பாருங்கள். இறக்க நகரில், பாரத்தோடு, அது நீங்கள் எதிர்பார்ப்பதை விட விரைவாகத் தேயும். செயினுக்கு எண்ணெய் விடும்போது ஒரு துளியும் டிஸ்க் தட்டில் படக் கூடாது. புதிய கட்டை போட்டால், சமதரையில் 25 கிலோமீற்றர் வேகத்திலிருந்து இருபது முப்பது தடவை பிறேக் பிடித்துப் பழக்கிய பின்பே இறக்கத்துக்குப் போங்கள்.

விலை பெரும்பாலும் 4000 முதல் 7000 யூரோ வரை வரும். உங்கள் அல்லது கணவரின் வேலைத்தலம் சைக்கிள் குத்தகைத் திட்டத்தில் சேர்ந்திருந்தால், வரிக்கு முந்திய சம்பளத்தில் மாதாமாதம் கழிப்பார்கள், செலவு கணிசமாகக் குறையும். கையெழுத்திடுமுன் ஒரு சனிக்கிழமையேனும் இரவல் எடுத்தோ வாடகைக்கு எடுத்தோ ஓட்டிப் பாருங்கள். பல ஜேர்மன் நகரங்களில் தன்னார்வக் குழுக்கள் பாரச் சைக்கிளை இலவசமாகவே இரவல் தருகின்றன. முதல் சுற்றுக்குப் பிள்ளைகளை ஏற்ற வேண்டாம். 10 கிலோ அரிசிப் பைகள் நான்கை வாங்கி, பக்கத்துக்கு இரண்டாகக் கட்டி, கடையிலிருந்து உங்கள் வீட்டு வாசல் வரை ஏறுங்கள். பிறகு அதே பாரத்தோடு கடைவரை இறங்கி, ஒவ்வொரு சந்தியிலும் வேண்டுமென்றே முழுவதும் நின்று புறப்படுங்கள். மூன்றாவது சுற்றில் கை வலிக்காமல், சைக்கிள் சாயாமல் நிறுத்த முடிந்தால், நான்காவது சுற்றுக்குப் பிள்ளைகளைக் கூப்பிடலாம்.