நிலாவும் மதுவும் மட்டும்தானா?

கேள்வி: பழைய சீனக் கவிதை என்றாலே நிலா, மூங்கில், மதுக்கிண்ணம், நாலு வரி. யாப்பும் கிடையாது, சமூக அக்கறையும் கிடையாது. இதைப் போய் ஏன் இப்படித் தூக்கிப் பிடிக்கிறீர்கள்? (ஒரு வாசகர், ஈரோடு)

பதில்: யாப்பு கிடையாதா? சீனாவில் தாங் அரசமரபின் காலத்தில் (618–907) செழித்த 'லூஷி' என்ற கவிதை வடிவத்தை எடுத்துக்கொள்ளுங்கள். எட்டு வரி. வரிக்கு ஐந்து எழுத்து (சீனத்தில் ஒரு எழுத்து பெரும்பாலும் ஒரு சொல்), இல்லையென்றால் ஏழு. இரட்டைப்படை வரிகளின் முடிவில் இயைபு வர வேண்டும். சீனத்தில் ஒவ்வொரு எழுத்தையும் ஒரு தொனியோடு சொல்வார்கள்; எந்த இடத்தில் சமமாக நிற்கும் தொனி, எந்த இடத்தில் ஏறி இறங்கி மாறும் தொனி என்பதற்கும் விதி உண்டு. நடுவில் உள்ள இரண்டு ஈரடிகளில் சொல்லுக்கு எதிரே அதே வகைச் சொல் நிற்க வேண்டும். நீங்கள் சொல்லும் நாலு வரிக்கும் 'ஜுவேஜு' என்று பெயரும் ஒலி விதிகளும் இருக்கின்றன. அரசுப் பதவிக்கான தேர்விலேயே கவிதை எழுதச் சொன்ன காலம் அது. அக்காலத்துப் பெருங்கவிஞர் து ஃபு அந்தத் தேர்வில் தேறவில்லை என்பது வேறு கதை!

அவருடைய 'வசந்தக் காட்சி'யைப் பாருங்கள். 755-இல் ஆன் லூஷான் என்ற படைத்தளபதியின் கலகம் வெடித்தது; அடுத்த ஆண்டு தலைநகர் சாங்கான் கலகக்காரர்களிடம் விழுந்தது. து ஃபு ஊருக்குள் மாட்டிக்கொண்டார், மனைவி மக்கள் வேறு ஊரில். 757-இல் எழுதுகிறார்: நாடு நொறுங்கிவிட்டது, மலையும் ஆறும் அப்படியே இருக்கின்றன. அப்புறம் மூன்றாவது ஈரடி: 'மூன்று மாதமாக ஓயாத போர்த்தீ, வீட்டுக் கடிதம் பத்தாயிரம் பொன் பெறும்.' போர்த்தீக்கு எதிரே வீட்டுக் கடிதம், மூன்றுக்கு எதிரே பத்தாயிரம், மாதத்துக்கு எதிரே பொன். இலக்கணம் கேட்ட எதிரிணைதான். ஆனால் நாட்டின் கதியும் ஒரு குடும்பத் தலைவனின் தவிப்பும் அதில் நேருக்கு நேர் நிற்கின்றன. மொத்தக் கவிதையும் நாற்பதே எழுத்து.

சமூக அக்கறைக்கு இன்னொரு தாங் காலக் கவிஞர் பாய் ஜூயியிடம் போங்கள். கட்டுத்திட்டம் குறைந்த, நாட்டுப்பாடல் வழிவந்த வடிவத்தில் அவர் எழுதிய 'கரி விற்கும் கிழவன்' ஒன்று போதும். மலையில் விறகு வெட்டிக் கரி சுட்டுப் பிழைக்கிற கிழவர். உடம்பில் மெல்லிய துணிதான், ஆனாலும் குளிர் கூட வேண்டும் என்று வேண்டிக்கொள்கிறார். குளிர்ந்தால்தானே கரிக்கு விலை ஏறும்! பனியில் வண்டியோட்டிச் சந்தைக்கு வருகிறார். அரண்மனை ஆட்கள் குதிரையில் வந்து, அரசாணை என்று சொல்லி, வண்டிக் கரி முழுவதையும் ஓட்டிக்கொண்டு போகிறார்கள். விலையாக, கொஞ்சம் சிவப்புத் துணியையும் பட்டையும் மாட்டின் தலையில் கட்டிவிடுகிறார்கள். கவிதை அத்துடன் முடிகிறது. கவிஞர் கடைசியில் வந்து நியாயம் பேசுவதில்லை. நம்மில் பலருக்கு அந்த அடக்கம் வராது, எனக்கும் சேர்த்துத்தான்.

சரி, நிலாவும் மதுவும் இல்லையா? இருக்கின்றன. அதே காலத்துக் கவிஞர் லி பாய் ஒரு கவிதையில் நிலவொளியில் தனியாகக் குடிக்கிறார். நிலாவையும் தன் நிழலையும் கூட்டிக்கொண்டு 'நாங்கள் மூன்று பேர்' என்கிறார். இதைக் குடிப்பாட்டு என்று ஒதுக்குவது உங்கள் உரிமை. பேச்சுத்துணைக்கு ஒரு ஆள்கூட இல்லாதவன் போடும் கணக்காகத்தான் எனக்குப் படுகிறது.

மூங்கிலைப் பற்றி எனக்கு வழக்கில்லை. அதை நீங்களே வைத்துக்கொள்ளலாம்.