குழந்தை இன்னும் பேசலையே... ஸ்பீச் தெரபிஸ்ட் பதில்கள்

"பேச்சு வரலை"ங்கற கவலையோட வந்த கடிதங்கள் தான் இந்த தடவை குவிஞ்சு கிடக்கு, அதனால வேற எதையும் தொடாம பக்கம் முழுக்க இதுக்கே ஒதுக்கிட்டேன். முதல்லயே ஒண்ணு சொல்லிடறேன், குழந்தையை நேர்ல பாக்காம "இவனுக்கு இது தான்"னு எழுத்துல சொல்ல முடியாது, சொல்லவும் கூடாது. ஆனா எதைக் கவனிக்கணும், அடுத்து எங்க போகணும்னு நிச்சயமா சொல்ல முடியும்.

கேள்வி: மேடம், என் பையனுக்கு 2 வயசு முடிஞ்சு ஒரு மாசம் ஆச்சு. அம்மா, தா, போ, டுர்ர்னு மொத்தமே ஒரு எட்டு வார்த்தை தான் இருக்கும். நாம சொல்றதெல்லாம் நல்லா புரியுது. வீட்ல கேட்டா ஆம்பளப் பசங்க லேட்டா தான் பேசுவாங்க, அவங்கப்பாவே 3 வயசுல தான் வாயைத் திறந்தார்னு சொல்லி என் வாயை அடைச்சிடறாங்க. 3 வயசு வரைக்கும் பாக்கலாமா?

பதில்: வேண்டாம் மா, இப்பவே காட்டிடுங்க. வீட்ல சொல்றது பொய்யின்னு நான் சொல்லல. ஆம்பளப் பசங்க கொஞ்சம் பின்னாடி தான் வருவாங்க, ஆனா அந்த வித்தியாசம் மாசக் கணக்கு தான், வருஷக் கணக்கு கிடையாது. அப்பா லேட்டா பேசினார்ங்கறதை எல்லாரும் ஆறுதலுக்கு சொல்றாங்க, நாங்க அதையே கேஸ் ஷீட்ல ரிஸ்க்னு எழுதுவோம், ஏன்னா பேச்சு தாமதம் குடும்பத்துல தொடர்ந்து வர்ற விஷயம், அப்பாவுக்கு தானா சரியாயிடுச்சுங்கறதால பையனுக்கும் அப்படியே ஆகும்னு யாரும் எழுதிக் கொடுக்க முடியாது.

2 வயசுல 100 குழந்தைங்களை எடுத்தா அதுல 10ல இருந்து 15 பேர் லேட்டா பேசறவங்களா தான் இருப்பாங்க, அவங்கள்ல நிறைய பேர் ஸ்கூல் வயசுக்குள்ள மத்த குழந்தைங்களோட சேர்ந்துக்கறாங்க. சேராம நின்னுடற குழந்தை எதுன்னு 2 வயசுலயே பிரிச்சு சொல்ல எங்களாலயும் முடியாது, அதனால தான் இப்பவே காட்டுங்கன்னு சொல்றேன். போய் ஒண்ணும் இல்லன்னு தெரிஞ்சா உங்களுக்கு ஒரு நாள் போச்சு, அவ்வளவு தான். போகாம இருந்து அப்புறம் ஏதோ இருக்குன்னு தெரிஞ்சா குழந்தைக்கு ஒரு வருஷம் போயிடும்.

அமெரிக்க அரசோட நோய்க் கட்டுப்பாட்டு மையம் (சிடிசி), எந்த வயசுல குழந்தைக்கு என்னென்ன வரணும்னு 2022ல திருத்தின பட்டியல்ல 18 மாசத்துல அம்மா, அப்பா தவிர 3 வார்த்தையாவது சொல்ல முயற்சி பண்ணணும், 2 வயசுல ரெண்டு வார்த்தையை சேர்த்து "அம்மா தா" மாதிரி சொல்லணும், 30 மாசத்துல சுமார் 50 வார்த்தை இருக்கணும்னு போட்டிருக்காங்க. இது சராசரி கணக்கு இல்லை, நாலுல மூணு குழந்தைங்க அந்த வயசுல எட்டிடற அளவு, அதனால இதுக்கும் கீழ இருந்தா லேசா எடுத்துக்கக் கூடாது. எண்ணும்போது ஒண்ணு ஞாபகம் வச்சுக்கோங்க, தெளிவா இருக்கணும்னு அவசியமே இல்லை, காரைப் பாத்து ஒவ்வொரு தடவையும் "டுர்ர்"னு சொன்னா அதுவும் ஒரு வார்த்தை தான், நீங்க சேர்த்து எண்ணினது ரொம்ப சரி.

"எல்லாம் புரியுது"ன்னு எழுதியிருக்கீங்க, அதை மட்டும் இன்னொரு தடவை செக் பண்ணிடுங்க. நாம "செருப்பை எடுத்துட்டு வா"ன்னு சொல்லும்போது நமக்கே தெரியாம கண்ணு செருப்பு பக்கம் போகும், கை நீளும், வெளிய கிளம்பற டிரெஸ்ல வேற நிப்போம், குழந்தை அதைப் பாத்தே எடுத்துட்டு வந்துடும். அதனால கையைக் கட்டிக்கிட்டு, அவன் முகத்தை மட்டும் பாத்து, கிளம்பற நேரம் இல்லாத வேற நேரத்துல, "பால் எங்க?", "அப்பா செருப்பை எடு"ன்னு சொல்லிப் பாருங்க. அப்பவும் எடுத்தா, அதோட வேணுங்கறதை விரல் நீட்டிக் காட்டினா, பொம்மைக்கு சாப்பாடு ஊட்டற மாதிரி விளையாடினா, இதெல்லாம் நல்ல அறிகுறி. அப்பவும் காட்டத் தான் சொல்லுவேன், ஆனா ராத்திரி தூக்கம் போக வேண்டியதில்லை.

கேள்வி: பொண்ணுக்கு 22 மாசம். பொறந்தப்பவே ஹியரிங் டெஸ்ட் பாஸ் ஆயிட்டா. கதவு டமார்னு சாத்தினா திரும்பறா, பாட்டு போட்டா ஆடறா. ஆனா தெரபிஸ்ட் முதல்ல காது டெஸ்ட் எடுத்துட்டு வாங்கன்னு சொல்றாங்க. தேவையில்லாம அலைய விடறாங்களோன்னு தோணுது.

பதில்: அந்த தெரபிஸ்ட் சரியா தான் சொல்லியிருக்காங்க, அவங்களை விட்டுடாதீங்க. பேச்சு லேட்டுன்னு யார் வந்தாலும் முதல் வேலை காது தான்.

பொறந்தப்ப பாஸ் ஆனதுன்னா அன்னிக்கு பாஸ், அவ்வளவு தான். ஆயிரம் குழந்தைக்கு 1ல இருந்து 3 பேர் கேட்கும் திறன் குறைவோட பொறக்கறாங்க, அவங்களைக் கண்டுபிடிக்கத் தான் அந்த டெஸ்ட். அதுக்கப்புறம் மெல்ல மெல்ல கேட்கறது குறையலாம், ஒரு இன்ஃபெக்‌ஷனுக்குப் பிறகு குறையலாம். இந்த வயசுல நாங்க அதிகமா பாக்கறது நடுக்காதுல நீர் கோத்துக்கறது. சளி பிடிச்சு விட்ட பிறகு செவிப்பறைக்குப் பின்னாடி ஒரு திரவம் தேங்கி நிக்கும், வலி இருக்காது, காய்ச்சல் இருக்காது, வெளிய சீழும் வராது, அதனால யாருக்கும் தெரியாது. உங்க ரெண்டு காதையும் விரலால நல்லா அடைச்சுக்கிட்டு பக்கத்துல யாரையாவது பேச சொல்லுங்க, ஏதோ பேசறாங்கன்னு தெரியும், என்ன சொல்றாங்கன்னு பிடிபடாது, அது தான் அந்தக் குழந்தையோட முழு நாளும்.

டமார்னு சாத்தற கதவு பெரிய சத்தம், கொஞ்சம் அதிர்வும் இருக்கும். பாட்டுல தாளம் தூக்கலா கேட்கும். ஆனா பேச்சுல ச, ப, த மாதிரி எழுத்தெல்லாம் ரொம்ப மெலிசு, வார்த்தையை வார்த்தையா ஆக்கறதே அது தான், ஆ, ஓ சத்தம் மட்டும் கேட்கற குழந்தை எதை வச்சு வார்த்தை கத்துக்கும்? என்கிட்ட வந்த ஒரு பையன், இதே மாதிரி "நல்லா கேட்குது"ன்னு தான் கூட்டிட்டு வந்தாங்க, அவன் தரையில உக்காந்து பிளாக்ஸ் அடுக்கிட்டிருந்தப்ப அம்மாவைப் பின்னாடி நிக்க வச்சு, நிழல் விழாம, கால் சத்தம் வராம, சாதாரணமா பேசற குரல்லயே அவன் பேரை சொல்ல சொன்னேன். மூணு தடவை சொல்லியும் அவன் அடுக்கிட்டே இருந்தான். நாலாவது தடவை அந்தம்மாவால சொல்ல முடியலை, அழுதுட்டாங்க. டெஸ்ட்ல ரெண்டு காதுலயும் நீர். ஈ.என்.டி டாக்டர் கையில போச்சு, காது தெளிஞ்ச பிறகு அவன் திரும்பின வேகத்தை இன்னும் நான் மறக்கலை. இந்த நீர் பல குழந்தைங்களுக்கு 3 மாசத்துக்குள்ள தானாவே வத்திடும், வத்தாம நிக்கறவங்களுக்கு வைத்தியம் இருக்கு. நடுக்காதைப் பாக்கற டெஸ்ட் சில நிமிஷ வேலை, சத்தத்துக்கு காது நரம்பும் மூளையும் பதில் குடுக்குதான்னு பாக்கற பெரா டெஸ்ட்னா குழந்தை தூங்கும்போது தலையில ஒயர் ஒட்டி எடுப்பாங்க, வலியே கிடையாது, எடுத்துடுங்க.

கேள்வி: டாக்டர் அம்மா, என் பேரனுக்கு ரெண்டரை வயசு. ஏ பி சி டி, கலரு, நம்பரு எல்லாம் போன்ல பாத்து கடகடன்னு சொல்றான். ஆனா தண்ணி வேணும்னா கேட்கத் தெரியலை, என் கையைப் பிடிச்சு இழுத்துட்டுப் போய் சொம்பு மேல வைக்கிறான். பேர் சொல்லிக் கூப்பிட்டா திரும்பறதே இல்லை. மருமக வேலைக்குப் போற அவசரத்துல போனைக் கையில குடுத்து குடுத்துத் தான் இப்படி ஆயிட்டான்னு எனக்கு மனசு ஆறலை.

பதில்: அம்மா, நான் டாக்டர் இல்லை, ஸ்பீச் தெரபிஸ்ட். நீங்க இவ்வளவு நுணுக்கமா கவனிச்சு எழுதினதுக்கு முதல்ல நன்றி, சொம்பு மேல கையை வைக்கிறான்னு எழுதினீங்க பாருங்க, அந்த ஒரு வரி எனக்கு நிறைய சொல்லுது.

தள்ளிப் போடாம இந்த வாரமே கிளம்ப வேண்டிய விஷயம் இது. எழுத்தும் நம்பரும் ஒப்பிக்கறது ஞாபகசக்தி, இன்னொரு ஆளோட மனசைத் தொடறதுக்கு பேசறது வேற. பேருக்குத் திரும்பாதது, விரல் நீட்டிக் காட்டாம நம்ம கையை ஒரு கருவி மாதிரி எடுத்துட்டுப் போறது, கேட்டதை அப்படியே ஒப்பிக்கறது, இதெல்லாம் சேர்ந்து இருந்தா ஆட்டிசம் இருக்கான்னு பாத்தே ஆகணும். இருக்குன்னு நான் சொல்லலை, பாக்கணும்னு சொல்றேன். 16ல இருந்து 30 மாசம் வரைக்கும் உள்ள குழந்தைங்களுக்கு எம்-சாட்னு ஒரு கேள்வித்தாள் இருக்கு, வீட்ல இருக்கறவங்களே பதில் சொல்ற மாதிரி 20 கேள்வி, குழந்தை டாக்டர்கிட்ட கேளுங்க, பேரன் அந்த வயசு எல்லையில தான் நிக்கறான். அதோட காது டெஸ்டும் எடுக்கணும். பிரச்னைக்கு பேரு என்னன்னு முடிவாகற வரைக்கும் தெரபி ஆரம்பிக்கக் காத்திருக்கவும் தேவையில்லை, ரெண்டையும் சேர்த்தே நடத்தலாம்.

போன் விஷயம். 2 வயசு வரைக்கும் உக்காத்தி வச்சு ஸ்கிரீன் காட்டவே வேண்டாம், அதுக்கப்புறமும் நாளைக்கு 1 மணி நேரத்துக்கு மேல வேண்டாம்னு உலக சுகாதார நிறுவனம் 2019லயே சொல்லிடுச்சு. பாட்ரிஷியா கூல்னு ஒரு விஞ்ஞானி 2003ல ஒரு ஆராய்ச்சி வெளியிட்டாங்க, 9 மாசக் குழந்தைங்களுக்கு அவங்க கேட்டே இராத சீன மொழியை ஒரு குரூப்புக்கு ஆள் நேர்ல உக்காந்து விளையாடிப் பேசிக் காட்டினாங்க, இன்னொரு குரூப்புக்கு அதே ஆளை வீடியோவுல காட்டினாங்க, நேர்ல பாத்த குழந்தைங்க அந்த மொழியோட சத்தங்களைப் பிரிச்சு அறிய கத்துக்கிட்டாங்க, வீடியோ பாத்தவங்க ஒண்ணும் கத்துக்கலை. அதனால போனைக் குறைங்க, நிச்சயமா குறைங்க. ஆனா போன் பாத்ததால ஆட்டிசம் வந்துடாது அம்மா, அது பொறக்கறதுக்கு முன்னாடியே மூளை வளர்ற விதத்துல ஆரம்பிக்கற விஷயம். மருமக மேல வருத்தத்தை வச்சுக்காதீங்க, அவங்க உள்ளுக்குள்ள ஏற்கனவே தன்னைத் தானே திட்டிட்டு தான் இருப்பாங்க. டாக்டர்கிட்ட போற அன்னிக்கு நீங்களும் கூடப் போங்க, பேரனை பகல் முழுக்க பாக்கறது நீங்க தானே, உங்க வாயால வர்ற விவரம் தான் அங்க ரொம்ப உதவும்.

கேள்வி: வீட்ல ரெண்டு மொழி பேசறோம், அதனால தான் குழந்தை குழம்பி பேசாம இருக்கா? ஒரு மொழியை நிறுத்தணுமா?

பதில்: நிறுத்தாதீங்க. ரெண்டு மொழி கேட்டு வளர்றது பேச்சைத் தாமதப்படுத்தாது, வார்த்தை எண்ணும்போது ரெண்டு மொழியிலயும் சேர்த்து எண்ணணும், அவ்வளவு தான். உங்களுக்கு எந்த மொழியில கோபமும் கொஞ்சலும் தானா வருதோ அதுல பேசுங்க. வராத மொழியில யோசிச்சு யோசிச்சு பேசினா பேச்சே குறைஞ்சு போயிடும்.

கேள்வி: பையனுக்கு 3 வயசு. நிறைய பேசறான், ஆனா காக்காவை "தாத்தா"ங்கறான், வெளியாளுக்கு பாதி புரியறதில்லை. நாக்கு அடியில ஒட்டியிருக்கு, வெட்டிவிட்டா சரியாகும்னு ஒருத்தர் சொல்றாங்க.

பதில்: நீங்களே "க, த, க, த"ன்னு மெல்ல சொல்லிப் பாருங்க. "த"வுக்கு நாக்கு நுனி பல்லைத் தொடும், "க"வுக்கு நாக்கோட பின்பக்கம் மேல போகும், நுனி சும்மா தான் கிடக்கும். உங்க பையன் நுனியில சொல்ற "த" நல்லா வருது, பின்பக்கத்துல வர்ற "க" தான் வரலை, நுனியில ஒட்டியிருக்கறதை வெட்டி இதை எப்படி சரி பண்றது? இந்த "க" மாற்றம் சின்னக் குழந்தைங்ககிட்ட சகஜம், நாலு வயசுக்குள்ள பெரும்பாலும் போயிடும், ர, ழ எல்லாம் அதுக்கும் பின்னாடி தான் வரும். 3 வயசுல வெளியாளுக்கு முக்கால்வாசி புரியணும், பாதி தான்னு சொல்றீங்க, அதனால கத்திக்குப் போகாம தெரபிஸ்ட்கிட்ட போங்க.

கேள்வி: நல்லா பேசிட்டிருந்த மூணு வயசு பொண்ணு ரெண்டு மாசமா திடீர்னு திக்கறா. "மெதுவா சொல்லு"ன்னு சொன்னா இன்னும் அதிகமாகுது.

பதில்: திக்கல் பெரும்பாலும் 2ல இருந்து 5 வயசுக்குள்ள தான் தலைகாட்டும், நூத்துல அஞ்சு குழந்தைங்களுக்கு வருது, அதுல பெரும்பாலானவங்களுக்கு தானா விட்டுப் போகுது. நீங்க பயமுறுத்தியோ அதட்டியோ வந்தது இல்லை. "எனக்கு எனக்கு வேணும்"னு முழு வார்த்தை திரும்ப வர்றது சாதாரணம். "எ எ எ எனக்கு"ன்னு முதல் எழுத்துல மாட்டறது, சத்தமே வராம வாய் திறந்தபடி நிக்கறது, கண்ணை இறுக்கறது, பேச வந்து "போ, வேண்டாம்"னு விட்டுடறது, வீட்ல வேற யாருக்காவது திக்கல் இருக்கறது, இதுல எது இருந்தாலும் 6 மாசம் பாக்கலாம்னு நிக்காம இப்பவே காட்டுங்க. "மெதுவா சொல்லு", "மூச்சு விட்டுட்டு சொல்லு"ங்கறதை இன்னியோட நிறுத்திடுங்க. அதுக்கு பதிலா நீங்க மெதுவா பேசுங்க, அவ என்ன சொல்ல வர்றாங்கறதைக் கேளுங்க, வார்த்தையை நீங்க முடிச்சுக் குடுக்காதீங்க.

கேள்வி: தெரபிக்கு அப்பாயின்ட்மென்ட் ரெண்டு மாசம் கழிச்சு தான் கிடைச்சிருக்கு. அது வரைக்கும் வீட்ல என்ன செய்யலாம்?

பதில்: பரீட்சை வைக்கறதை நிறுத்துங்க, அது தான் முதல் வேலை. "இது என்ன? இது என்ன கலர்? சொல்லு சொல்லு"ன்னு கேட்க கேட்க குழந்தை வாயை இன்னும் இறுக்கிக்கும். அவன் பந்தை உருட்டினா நீங்களும் தரையில உக்காந்து, முகத்துக்கு நேரா இருந்து, "பந்து... பந்து போகுது... போச்சு!"ன்னு நடக்கறதை சொல்லிட்டே இருங்க. அவன் "பந்து"ன்னா நீங்க "பெரிய பந்து"ன்னு ஒரு வார்த்தை கூட்டி சொல்லுங்க, திருப்பி சொல்ல சொல்லாதீங்க. கையால காட்டறது, டாட்டா, தலையாட்டல் எல்லாத்தையும் சந்தோஷமா ஏத்துக்கோங்க, சைகை பழகினா பேச மாட்டான்ங்கறது தப்பு, சைகை பேச்சுக்கு படி.

அப்புறம் காத்திருக்கப் பழகுங்க, பெத்தவங்களுக்கு ரொம்ப கஷ்டமான வேலை இது தான். சோப்புக் குமிழி ஊதற டப்பா ஒண்ணு எடுத்துக்கோங்க. ரெண்டு தடவை ஊதிக் காட்டுங்க, மூடியை இறுக்க மூடி அவன் கையில குடுத்துடுங்க. அவன் திருகிப் பாப்பான், முடியாது, உங்களைப் பாப்பான். அங்க நாம உடனே "ஊதணுமா கண்ணா, குடு"ன்னு சொல்லிடுவோம், சொல்லாதீங்க. ஆவலா அவன் முகத்தையே பாத்துட்டு மனசுக்குள்ள பத்து வரைக்கும் எண்ணுங்க. டப்பாவை உங்க கையில திணிச்சாலும் சரி, வெறும் "ஊ"ன்னு காத்து மட்டும் வந்தாலும் சரி, அது அவன் உங்ககிட்ட கேட்டது. "ஊது! ஊதறேன்!"னு சொல்லி அந்த நொடியே ஊதிடுங்க, இன்னும் தெளிவா சொல்லுன்னு நிறுத்தி வைக்காதீங்க.