தண்ணீருக்கு ஏன் பயம்? கருமருந்து ரிவால்வர் கேள்வி-பதில்

பதில்களுக்கு முன், ஒவ்வொரு முறையும் சொல்வதை இப்போதும் சொல்லிவிடுகிறேன். துடைக்கத் துணியைக் கையில் எடுக்கும் முன், எந்த நிப்பிளிலும் (சிலிண்டரின் பின்னால் உள்ள துளையிட்ட சிறு முனை) கேப் (அதன்மேல் மாட்டும், அடித்தால் பொறி தரும் சிறு தகட்டு மூடி) இல்லை, சிலிண்டரின் எந்த அறையிலும் மருந்து இல்லை என்று கண்ணால் பாருங்கள். "காலி செய்துவிட்டுத்தான் வந்தேன்" என்ற நினைவை நம்பாதீர்கள்.

என்னுடையது 1858 ரெமிங்டன் மறுபதிப்பு. பன்னிரண்டு வெடி தாண்டினால் சிலிண்டர் சுற்ற மறுக்கிறது. நண்பரின் கோல்ட் ரிவால்வருக்கு இந்தத் தொல்லை இல்லையே? (ஓஹியோ)

அமைப்பிலேயே உள்ள வேறுபாடு இது. கோல்ட்டில் சிலிண்டர் சுழலும் அச்சு தடிமனானது. அதில் வெட்டியிருக்கும் பள்ளங்களில் கிரீஸ் தங்கும். ரெமிங்டனின் அச்சுக்கம்பி மெலிது, வழவழப்பு. குழலுக்கும் சிலிண்டருக்கும் நடுவிலுள்ள சந்தில் பீறிடும் கரி நேராக அதன்மேல் போய் இறுகுகிறது. சுடத் தொடங்கும் முன் கம்பிக்குத் தாராளமாகக் கிரீஸ் தடவுங்கள். இரண்டு சுற்றுக்கு ஒரு முறை சிலிண்டரை வெளியே எடுத்து, அதன் முன்முகத்தையும் கம்பியையும் ஈரத்துணியால் துடைத்து மறுபடி தடவுங்கள். ரெமிங்டனில் இது அரை நிமிட வேலை. குண்டுக்கும் மருந்துக்கும் இடையே மசகு ஊறிய கம்பளி வட்டு வைத்தால் குழலும் மென்மையாக இருக்கும். இன்னொன்று, 1858 என்பது குழலில் பொறித்த காப்புரிமையின் ஆண்டு. இந்த மாடல் படைவீரர்களின் கைக்கு வந்தது அமெரிக்க உள்நாட்டுப் போரின்போதுதான்.

ரிவால்வர் இறுகிவிட்டது. என்ன செய்வது? (ஊர் எழுதவில்லை)

ஊர் மட்டுமா எழுதவில்லை? எந்த மாடல், எந்த மருந்து, எத்தனை வெடி, இறுகியது ஹாமரா (கேப்பை அடிக்கும் சுத்தி) சிலிண்டரா, எதுவுமே இல்லை. இப்படிக் கேட்டால் ஊகித்துத்தான் பதில் சொல்ல முடியும். சுடும்போதே திடீரென்று இறுகியிருந்தால், வெடித்த கேப்பின் தகடு பிய்ந்து ஹாமர் இருக்கும் பள்ளத்தில் விழுந்திருக்கலாம். குழல் இலக்கை நோக்கியே இருக்கட்டும். முதலில் மற்ற கேப்புகளைக் கழற்றுங்கள், பிறகு துண்டைத் தேடுங்கள். அடுத்த முறை எழுதும்போது விவரங்களோடு எழுதுங்கள்.

தண்ணீர் ஊற்றினால் துருப்பிடிக்காதா? துப்பாக்கி எண்ணெயை நன்றாகப் பூசி வைத்தால் போதும் என்றார் கடைக்காரர். ஒரு மாதம் கழித்துப் பார்த்தால் குழலுக்குள் ஒரே பழுப்பு. (டெக்சாஸ்)

இந்த மாதம் மட்டும் இதே கேள்வி நான்கு கடிதங்களில் வந்திருக்கிறது. கடைக்காரர் சொன்னது இன்றைய தோட்டாக்களில் இருக்கும் புகையில்லா மருந்துக்குப் பொருந்தும். அது எரிந்தால் ஏறக்குறைய முழுவதும் வாயுவாகிவிடும். கருமருந்து அப்படியல்ல. அதில் முக்கால் பங்கு வெடியுப்பு, மீதி கரியும் கந்தகமும். எரிந்த பின்னும் எடையில் பாதிக்கு மேல் திடப்பொருளாகவே எஞ்சுகிறது. ஒரு பகுதி வெண்புகையாகப் போகிறது. மற்றது குழலிலும் அறைகளிலும் ஒட்டிக்கொள்கிறது. அதில் பெரும்பகுதி பொட்டாசியம் உப்புகள். காற்றிலுள்ள ஈரத்தை அவை உறிஞ்சி வைத்துக்கொள்ளும். அவற்றை எண்ணெய் கரைக்காது, தண்ணீர் கரைக்கும். அப்படியிருக்க, மேலே எண்ணெய் பூசினால் என்ன ஆகும்? ஈர உப்பை இரும்போடு சேர்த்து மூடிவைத்தது போல் ஆகும். அடுத்த முறை சுடும்போது அந்தப் பெட்ரோலிய எண்ணெயும் கரியும் சூட்டில் சேர்ந்து தார் போலப் பிடித்துக்கொள்ளும்.

சில ஆண்டுகளுக்கு முன் கோல்ட் 1851 நேவி மாடலின் மறுபதிப்பு ஒன்றைப் பழையதாக வாங்கினேன். வெளியே நீலப்பூச்சு பளபளத்தது. "ஒரு சொட்டுத் தண்ணீர் பட்டதில்லை" என்று பெருமையாகச் சொல்லிக் கொடுத்தார் விற்றவர். வீட்டில் நிப்பிள்களைக் கழற்றப் பார்த்தால் ஒன்றுகூட அசையவில்லை. இரண்டு நாள் ஊறவைத்த பிறகு நான்கு வந்தன. ஐந்தாவது, கழற்றும் சாவியிலேயே முறிந்தது. அறைகளின் அடிப்பகுதி முழுக்க அம்மைத் தழும்பு. ஒரு நல்ல சிலிண்டரை எண்ணெய் போட்டே கொன்றிருந்தார்கள். அதை இன்னும் என் மேசைமேல் வைத்திருக்கிறேன். பார்க்கும்போதெல்லாம் வயிறு எரிகிறது.

எனவே கழுவுங்கள். மரப்பிடியைக் கழற்றி வையுங்கள். நிப்பிள்களை ஒவ்வொரு முறையும் கழற்றுங்கள். வெந்நீரில் கொஞ்சம் பாத்திரம் கழுவும் சோப்பு விட்டு, குழலையும் சிலிண்டரையும் அமிழ்த்தித் தூரிகையால் தேயுங்கள். தண்ணீர் மையாகக் கறுக்கும், அழுகிய முட்டை நாற்றம் வரும். சல்பைடு கரைகிறது, அவ்வளவுதான், பயப்பட வேண்டாம். துணி வெள்ளையாக வரும் வரை தண்ணீரை மாற்றுங்கள். கடைசி அலசலுக்குச் சூடான தண்ணீர் போதும். கொதிக்கக் கொதிக்க ஊற்றினால் உலர்வதற்குள் செம்மண் தூவியது போல் மெல்லிய துரு படரும். துடைத்து, முடி உலர்த்தும் கருவியால் நன்றாகக் காயவைத்து, இளஞ்சூடு இருக்கும்போதே எண்ணெய் தடவுங்கள். சுத்தமான இரும்பின் மேல் எந்தத் துப்பாக்கி எண்ணெயும் சரிதான், ஆனால் அடுத்துச் சுடும் முன் அதைத் துடைத்தெடுக்க வேண்டும். மறுநாள் ஒரு வெள்ளைத் துணியைக் குழலில் விட்டு எடுங்கள். பழுப்பாக வந்தால் மீண்டும் கழுவுங்கள்.

கருமருந்துக்குப் பதிலாக விற்கும் பைரோடெக்ஸ் போட்டால் துரு வராதாமே? (ஜார்ஜியா)

வரும். அதிலுள்ள பெர்குளோரேட் எரிந்தால் பொட்டாசியம் குளோரைடு மிஞ்சும். சமையல் உப்பைக் குழலில் தூவி வைப்பீர்களா? அன்றிரவே கழுவுங்கள்.

தேங்காய் எண்ணெயோ நல்லெண்ணெயோ மசகாகப் பயன்படுமா? (பென்சில்வேனியா)

நல்ல கேள்வி. சுடும்போது தாவர எண்ணெயும் விலங்குக் கொழுப்பும் கரியை மென்மையாக வைத்திருக்கும், தாராக்காது. தேங்காய் எண்ணெய் சுமார் 25 டிகிரி செல்சியஸுக்குக் கீழே உறைந்துவிடும். வெயிலில் நீராக ஓடும். அதனால் தேன்மெழுகோடு உருக்கிக் கலந்துகொள்ளுங்கள். கோடையில் மெழுகு கூட, குளிரில் எண்ணெய் கூட. ஆட்டுக்கொழுப்பும் தேன்மெழுகும் சேர்ந்த பழைய கலவையைத்தான் நான் பயன்படுத்துகிறேன். நல்லெண்ணெய் நாள்பட்டால் பிசினாகும். விசைப் பகுதிக்குள் அதை விடவே வேண்டாம்.

குண்டுக்கு மேல் கிரீஸ் அடைப்பது பக்கத்து அறைகள் சேர்ந்து வெடிக்காமல் இருக்கத்தானே? (டெக்சாஸ்)

அதை மட்டுமே நம்பாதீர்கள். முதல் வெடியிலேயே பக்கத்து அறையின் கிரீஸ் பாதி பறந்துவிடும். உண்மையான காவல், திணிக்கும்போது மெல்லிய ஈய வளையம் சீவப்படும் அளவுக்கு இறுக்கமான குண்டும், நிப்பிளில் தளராமல் உட்காரும் கேப்பும்தான்.

கோல்ட்டின் குழலைப் பிடித்து நிறுத்தும் ஆப்பு வரவில்லை. சுத்தியலால் அடிக்கலாமா? (ஓஹியோ)

இரும்பால் வேண்டாம். வலப்பக்கம் தெரியும் வில்தகட்டை அமுக்கிக்கொண்டு, மரத்துண்டு வைத்து இடப்பக்கம் நோக்கித் தட்டுங்கள்.

பாத்திரம் கழுவும் இயந்திரத்தில் போடலாமா? (ஜார்ஜியா)

கூடாது. ஈயம் படிந்த பொருளை நீங்கள் சாப்பிடும் தட்டுகளோடு கழுவுவதா? சுத்தம் செய்த பிறகு கையையும் சோப்புப் போட்டுக் கழுவுங்கள்.

இரண்டு அறைகள் வெடிக்காமல் அப்படியே இருக்கின்றன. சிலிண்டரை மட்டும் கழுவலாமா? (டெக்சாஸ்)

மருந்து நிறைந்த துப்பாக்கியை ஏன் வீட்டுக்குக் கொண்டுவந்தீர்கள்? முதல் பத்தியை மறுபடி படியுங்கள். கேப்புகளைக் கழற்றிவிட்டுச் சுடும் களத்துக்குத் திரும்பிப் போய் அங்கே சுட்டுக் காலி செய்யுங்கள். அங்கும் வெடிக்கவில்லை என்றால், குழலை இலக்கை நோக்கி வைத்தபடியே இரண்டு நிமிடம் காத்திருந்து, கேப்பைக் கழற்றி, சிலிண்டரைத் தண்ணீரில் ஊறப்போட்டுத் துப்பாக்கி பழுதுபார்ப்பவரிடம் கொடுங்கள்.

கழுவி எண்ணெய் போட்டு வைத்த ரிவால்வர், அடுத்த முறை முதல் சுற்றில் வெடிப்பதே இல்லை. (பென்சில்வேனியா)

நிப்பிள் துளையில் எண்ணெய் தேங்கியிருக்கிறது. அறைகளை உலர்ந்த துணியால் துடையுங்கள். பிறகு களத்தில், மருந்து போடாமல் ஆறு நிப்பிள்களிலும் கேப் மட்டும் வைத்து, தரையிலுள்ள புல்லுக்கு மிக அருகே குழலைப் பிடித்துச் சுடுங்கள். ஒவ்வொரு முறையும் புல் சிலிர்த்து அசைந்தால் துளைகள் திறந்திருக்கின்றன. அசையாத அறையின் நிப்பிளைக் கழற்றி மெல்லிய கம்பியால் குத்திவிட்டு மறுபடி பாருங்கள்.