பிலேமோனுக்குப் பவுல் எழுதிய கடிதத்தில் அப்படி என்ன நயம்?

கேள்வி: ஒருவருக்காக இன்னொருவரிடம் பரிந்து பேசுவதற்கு, பைபிளின் புதிய ஏற்பாட்டில் அப்போஸ்தலர் பவுல் எழுதிய பிலேமோன் நிருபத்தைத்தான் (கடிதத்தைத்தான்) உதாரணம் காட்டுகிறார்கள். பவுல் அதில் அப்படி என்ன செய்துவிட்டார்?

நானும் இப்படி ஒரு கடிதம் எழுதித் தோற்றவன். தெரிந்த பையன் ஒருவன் கடையில் அட்வான்ஸ் வாங்கிக்கொண்டு சொல்லாமல் நின்றுவிட்டான். திரும்பச் சேர்த்துக்கொள்ளச் சொல்லி முதலாளிக்கு இரண்டு பக்கம் எழுதினேன்: வீட்டுக் கஷ்டம், அம்மாவுக்கு உடம்பு சரியில்லை, தங்கமான பையன். அவர் பொறுமையாகப் படித்துவிட்டு, “எல்லாம் சரி சார், அட்வான்ஸை யார் தருவா?” என்றார். வாயடைத்துப்போனேன்.

ஒநேசிமு என்ற அடிமைக்காக அவனுடைய எஜமான் பிலேமோனுக்கு எழுதும் பவுலுக்கு அந்தக் கேள்வி முன்கூட்டியே தெரிந்திருக்கிறது. அவன் உமக்கு ஏதாவது கடன்பட்டிருந்தால் “என் கணக்கிலே வைத்துக்கொள்ளும்” என்கிறார் 18ஆம் வசனத்தில். அடுத்த வரியில், என் கையாலேயே எழுதித் தருகிறேன், நானே தீர்ப்பேன் என்கிறார். கிட்டத்தட்ட புரோநோட்டு. கூடவே, நீர் உம்மையே எனக்குக் கடன்பட்டிருக்கிறீர், அதை நான் சொல்ல வேண்டியதில்லை என்று சொல்லியும்விடுகிறார்! மனிதர் லேசுப்பட்டவர் இல்லை.

விஷயம் இதுதான். பிலேமோன் எஜமான், ஒநேசிமு அவருடைய அடிமை. சிறையில் இருக்கும் பவுலிடம் வந்து சேர்ந்த ஒநேசிமு கிறிஸ்தவ விசுவாசியாகிறான். அவனைத் திருப்பி அனுப்பும்போது எழுதியதுதான் 25 வசனங்கள் கொண்ட இந்தக் கடிதம். ஓடிப்போன அடிமை என்றே நாம் சொல்லிப் பழகிவிட்டோம். பவுல் ‘ஓடினான்’ என்று எங்கேயும் எழுதவில்லை. கொஞ்ச காலம் பிரிந்திருந்தான் என்கிறார், அதுவும் எப்போதைக்கும் உம்மோடு இருப்பதற்காகவோ என்னவோ என்று.

பெயரையும் எடுத்த எடுப்பில் சொல்வதில்லை. பிலேமோனின் அன்பைப் புகழ்ந்து, கட்டளையிட உரிமை இருந்தும் கெஞ்சிக் கேட்கிறேன் என்று சொல்லி, தன் முதுமையையும் சிறை விலங்கையும் நினைவூட்டி, பத்தாம் வசனத்தில்தான் வருகிறார். அங்கேயும் கிரேக்க மூலத்தில் ‘என் பிள்ளை’ முதலில், ‘ஒநேசிமு’ வாக்கியத்தின் கடைசியில். அந்தப் பெயருக்குப் ‘பயனுள்ளவன்’ என்று பொருள். உடனே, முன்பு உமக்குப் பயனற்றவன், இப்போது நம் இருவருக்கும் பயனுள்ளவன் என்று ஒரு சிலேடை. கோபமாக இருக்கும் ஆளையும் லேசாகச் சிரிக்க வைத்திருக்கும்.

ரோமானியரான இளைய பிளினியும் இப்படி ஒரு கடிதம் எழுதியிருக்கிறார், சபினியானுஸ் என்ற நண்பருக்கு. அந்த நண்பருடைய கோபத்துக்கு ஆளான, விடுதலை பெற்ற அடிமை ஒருவன் பிளினியின் காலில் வந்து விழுந்திருக்கிறான். இனி உனக்காகப் பேசமாட்டேன் என்று அவனை மிரட்டினேன், ஆனால் உம்மிடம் அப்படிச் சத்தியம் செய்யவில்லை என்கிறார். அழகான கடிதம், காரியமும் நடந்தது. ஆனால் அதில் அவன் அழுதான், திருந்திவிட்டான் என்ற சிபாரிசு இருக்கிறது. பவுல் ஒநேசிமுவின் கண்ணீரைப் பற்றி ஒரு வார்த்தை எழுதவில்லை. என்னை ஏற்றுக்கொள்வதுபோல் அவனை ஏற்றுக்கொள்ளும் என்று தன்னையே நடுவில் வைத்துவிடுகிறார்.

இதையெல்லாம் வெறும் மென்மை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. கடிதம் பிலேமோனுக்கு மட்டும் எழுதியதல்ல. அப்பியாள், அர்க்கிப்பு என்ற இருவர், பிலேமோன் வீட்டில் கூடும் கிறிஸ்தவ சபை எல்லோருக்கும் சேர்த்துத்தான். அத்தனை பேருக்கும் தெரிந்த பிறகு மறுப்பது எப்படி? போதாக்குறைக்கு முடிக்கும்போது, நான் தங்க ஓர் இடம் ஆயத்தம்பண்ணி வையும் என்கிறார். வந்து பார்ப்பார் என்று அர்த்தம்.