குரங்கு பட்டதற்கு நாடு முழுக்க ஏன் இருண்டது?

கேள்வி: 2025 பெப்ரவரி 9, ஞாயிறு முற்பகல் பாணந்துறை உப மின்நிலையத்தில் குரங்கு பட்டதால் நாடெங்கும் மின்சாரம் போனது என்றார்கள். அங்கே நடந்த பழுது யாழ்ப்பாணம் வரை எப்படி வந்தது? (வாசகி, சாவகச்சேரி)

பதில்: குரங்கு தொடக்கிவைத்தது மட்டும்தான். எஞ்சியதைச் செய்தது அந்த நேரத்தில் மின்வலையமைப்பு இருந்த நிலை.

எமது மின்சாரத்தின் அதிர்வெண் 50 ஹேர்ட்ஸ், அதாவது மின்னோட்டம் வினாடிக்கு 50 தடவை முன்னும் பின்னும் ஊசலாடுகிறது. நுரைச்சோலை நிலக்கரி நிலையம் முதல் லக்ஷபான நீர்மின் நிலையம் வரை ஓடும் பெரிய சுழலிகள் எல்லாம் ஒரே அச்சில் பூட்டியவை போல இசைந்து சுற்றுகின்றன. பாவனை உற்பத்தியை மிஞ்சினால் எல்லாமே சேர்ந்து வேகம் குறையும். மல்ரிமீற்றரை ஹேர்ட்ஸில் வைத்து உங்கள் வீட்டுப் பிளக்கில் பாருங்கள். அதே கணம் மாத்தறையில் பார்ப்பவருக்கும் அநேகமாக அதே எண்தான் தெரியும்.

ஒரு உற்பத்தி நிலையம் திடீரென நின்றால், முதல் வினாடிகளில் நம்மைத் தாங்குவது சுழலும் இரும்பின் பாரம்தான். ஒரு கணக்குப் போடுவோம். 2,000 மெகாவொட் இயந்திரங்கள் ஓடுகின்றன, அவற்றின் சுழற்சியில் 8,000 மெகாவொட்-வினாடி சக்தி இருக்கிறது என்று வைப்போம். 300 மெகாவொட் அறுந்தால் அதிர்வெண் வினாடிக்கு ஏறத்தாழ 0.9 ஹேர்ட்ஸ் வீதம் விழும். ஓடும் இயந்திரங்கள் பாதியாக இருந்தால் அதே இழப்புக்கு 1.9. நீர்மின் நிலையத்தில் வாயிலைத் திறந்து கூடுதல் தண்ணீர் விடப் பல வினாடிகள் வேண்டும். அதற்குள் 50 என்பது 48க்குக் கீழே போய்விடும். அவ்வளவு விழுந்தால் எஞ்சிய இயந்திரங்களும் தம்மைக் காத்துக்கொள்ள ஒவ்வொன்றாக நின்றுவிடும்; நாடு முழுக்க இருளும்.

அன்று ஞாயிறு, பாவனை குறைவு. வெயிலோ நல்ல வெயில். கூரைச் சோலர் நிறையக் கொடுத்ததால் பெரிய இயந்திரங்கள் சிலவே ஓடின. சோலர் தகட்டின் மின்சாரத்தை வீட்டு மின்சாரமாக மாற்றும் இன்வேட்டரில் சுழலும் இரும்பு கிடையாது; அது அந்தப் பாரத்தைத் தராது. இன்னொரு சிக்கலும் உண்டு, இதைப் பலர் கவனிப்பதில்லை. அதிர்வெண் விழும்போது ரிலேக்கள் எனும் தானியங்கி ஆளிகள் சில ஊர்களின் இணைப்பைத் தாமாக வெட்டிச் சுமையைக் குறைக்கும். நண்பகலில் அந்த ஊர்க் கூரைகள் மின்சாரம் ஊட்டிக்கொண்டிருந்தால், சுமையோடு உற்பத்தியும் போகும். வெட்டியும் பலன் குறைவு.

இந்தியாவுடன் எமக்கு மின்கம்பி இணைப்பு இல்லை. கைகொடுக்கப் பெரிய வலையமைப்பு பக்கத்தில் கிடையாது என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.

கேள்வி: மின்சாரம் வந்த பிறகும் அடுத்த நாட்களில் வெட்டினார்களே? (வாசகர், ஹட்டன்)

பதில்: நுரைச்சோலையின் மூன்று 300 மெகாவொட் அலகுகளும் நின்றுவிட்டன. நிலக்கரி நிலையத்தின் பம்பிகளையும் காற்றாடிகளையும் ஓட்டவே வெளியிலிருந்து மின்சாரம் வேண்டும். பிறகு கொதிகலனை மெதுவாகச் சூடேற்ற வேண்டும். அவசரப்பட்டால் உலோகம் ஒரு பக்கம் கூடுதலாக விரிந்து சுழலி பழுதாகும். அதனால்தான் முதலில் நீர்மின் நிலையங்களை எழுப்பி, ஊர் ஊராகச் சுமையைச் சேர்க்கிறார்கள். நுரைச்சோலை திரும்பும் வரை உற்பத்தி போதாததால்தான் வெட்டினார்கள்.

கேள்வி: கூரையில் 5 கிலோவொட் சோலர் இருந்தும் அன்று வீடு இருட்டு. புத்தாண்டு விடுமுறையிலோ பகலில் நிறுத்தச் சொன்னார்கள். ஏன்? (வாசகர், வவுனியா)

பதில்: வலையமைப்பு செத்தால் உங்கள் இன்வேட்டரும் நின்றே ஆக வேண்டும். இல்லாவிட்டால் கம்பத்தில் ஏறி வேலை செய்பவரின் உயிர் போகும். பற்றரியும், வலையமைப்பிலிருந்து வீட்டைப் பிரிக்கும் வசதியும் உள்ள ஹைபிரிட் இன்வேட்டர்தான் அந்நேரம் வீட்டுக்கு மின்சாரம் தரும்.

விடுமுறையில் தொழிற்சாலைகள் மூடியிருக்கும். அந்த நாட்களில் கூரைகள் முழுவீச்சில் ஊட்டினால் பெரிய இயந்திரங்களை நிறுத்த நேரும். மேலே சொன்ன கணக்கு மறுபடி வரும். வருமான இழப்பு உங்களுக்கு உண்மையானதே. ஆனாலும் கேட்கும் நாளில் நிறுத்துங்கள். முதலில் ஏசி (வலையமைப்புப் பக்க) பிரேக்கர், அதன் பின் டிசி (சோலர் தகட்டுப் பக்க) சுவிட்ச். வெயிலில் டிசி இணைப்பானைக் கையால் இழுத்துக் கழற்றவே கூடாது. தீப்பொறி வில்லாக நீண்டு கையைச் சுட்டுவிடும்.

மின்சாரம் போனதும் பிரிட்ஜ், தண்ணீர் மோட்டர், குளிரூட்டி மூன்றையும் நிறுத்திவிடுங்கள். திரும்பி வந்ததும் ஐந்து நிமிடம் பொறுத்து ஒவ்வொன்றாகப் போடுங்கள். எல்லா வீட்டு மோட்டர்களும் ஒரே நேரத்தில் கிளம்பினால், அப்போதுதான் எழுந்த வலையமைப்பு மறுபடி விழலாம். ஜெனரேற்றரை ஒருபோதும் சுவர்ப் பிளக்கில் செருகாதீர்கள். வலையமைப்பும் ஜெனரேற்றரும் ஒரே நேரத்தில் இணைய விடாத சேஞ்ச்ஓவர் சுவிட்ச் வழியாக மட்டும் கொடுங்கள்.