வலித்தது நரம்பு அல்ல

அன்புள்ள ஐயா,

என் அப்பச்சிக்கு (அப்பாவுக்கு) 61 வயது. குதிகாலுக்கு மேலே இரண்டு வருடமாக வலி, நரம்பு வீங்கியிருக்கிறது. தைப்பூசத்துக்குப் பழனி நடக்க முடியவில்லை என்று அழுகிறார். ஒரு கிளினிக்கில் ‘நரம்பு ஸ்டெம்செல்’ ஊசி போட்டால் நரம்பு புதிதாக வளரும், இரண்டரை லட்சம் ஆகும் என்கிறார்கள். போடலாமா?

சொ., தேவகோட்டை

அன்புள்ள சொ.,

ஐந்து வரிக் கடிதத்தில் மூன்று நரம்பு! அங்கே வலிப்பது நரம்பே இல்லை. கெண்டைக்கால் தசையைக் குதிகால் எலும்போடு கட்டியிருக்கும் தசைநாண். வில்லில் பூட்டுகிறோமே, அதே நாண். நமக்குத்தான் சுளுக்கினாலும் நரம்பு, இழுத்தாலும் நரம்பு. பேரில் என்ன இருக்கிறது என்பீர்கள். எங்கள் வீட்டில் அந்தப் பேருக்காகவே பதினோரு வருடம் காசு கொடுத்தோம்.

எங்கள் அப்பச்சியும் குன்றக்குடியிலிருந்து காவடியோடு நடந்தவர்தான். ஒரு வருடம் நத்தம் தாண்டி ஒரு மேட்டில் ஏறும்போது பட்டென்று சத்தம். சடாரெனத் திரும்பி, “எவன்டா என் காலை மிதிச்சது?” என்று கத்தினார். அவருடைய சகலை பத்தடி தள்ளித்தான் வந்துகொண்டிருந்தார். குதிகால் நாண் அறுந்தால் பின்னாலிருந்து யாரோ உதைத்த மாதிரிதான் இருக்குமாம், எனக்கு அது ரொம்பப் பிற்பாடு தெரிந்தது. ‘நரம்பு அறுந்துபோச்சு’ என்றார்கள். உடனே தைத்திருந்தாலோ, கட்டுப்போட்டு அசையாமல் வைத்திருந்தாலோ சேர்ந்திருக்கும். நாங்கள் நரம்பு டானிக் வாங்கினோம், நரம்பு லேகியம் வாங்கினோம். வளவுத் தூணோரம் காலி பாட்டில்கள் வரிசையாக நிற்கும், ஆத்தா கழுவி நல்லெண்ணெய் ஊற்றி வைப்பார். கால் நொண்டியது நொண்டியதுதான்.

சரி, ஸ்டெம்செல். பிரிந்து பெருகி வேறு செல்லாக மாறக்கூடிய தாய்ச் செல் அது. நாணுக்குள் அப்படி ஒரு செல் இருப்பது பொய்யில்லை. மனிதரிடமும் எலியிடமும் அது இருப்பதை அமெரிக்க ஆய்வாளர்கள் 2007-ல் காட்டினார்கள். ஆனால் ரொம்ப இடம் பார்க்கும் செல் அது. சுற்றியிருக்கும் இரண்டு புரதங்கள் இல்லாத எலிகளில், நாண் திரிக்க வேண்டியது எலும்பு கட்டப் போய்விட்டது. வயது ஏற ஏற எண்ணிக்கையும் குறைகிறது. அணுகுண்டுச் சோதனைகளால் காற்றில் கூடிய கார்பன்-14 என்ற கதிரியக்கக் கார்பன் நாணில் எவ்வளவு தங்கியிருக்கிறது என்று பார்த்து, அது எந்த வயதில் உருவானது என டென்மார்க்கில் ஒரு கணக்குப் போட்டார்கள், 2013-ல் வெளியானது. குதிகால் நாணின் நடுப்பகுதி சுமார் 17 வயதோடு கட்டி முடிந்துவிடுகிறது, அப்புறம் அநேகமாகப் புதுப்பிக்கப்படுவதே இல்லை. உங்கள் அப்பச்சி பள்ளிக்கூட வயதில் திரித்த கயிற்றில்தான் இன்றும் நடக்கிறார்.

ஒரே ஊசியில் அது புதிதாகும் என்றால் படித்த பிள்ளை நீங்கள் திருப்பி ஒரு கேள்வி கேட்க வேண்டாமா? இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் (ஐ.சி.எம்.ஆர்.) 2017-ல் வெளியிட்ட நெறிமுறைப்படி, ரத்த நோய்களுக்கான மாற்று சிகிச்சை போன்றவை தவிர ஸ்டெம்செல் எல்லாம் இன்னும் ஆராய்ச்சிதான். அனுமதி பெற்ற பரிசோதனையாக மட்டுமே செய்யலாம். சொந்த ரத்தத்தைச் சுழற்றித் தட்டணுக்களைப் பிரித்து ஊசியாகப் போடும் பிஆர்பி-யையும் சிலர் இந்தப் பேரில் விற்கிறார்கள். அது வேறு சமாச்சாரம்.

எலும்பு டாக்டரிடம் காட்டுங்கள். படி விளிம்பில் நின்று குதிகாலை மெதுவாக இறக்கும் பயிற்சி உண்டு, அவருக்குச் சரிவருமென்றால் பிசியோதெரபிஸ்ட் சொல்லித் தருவார். மூன்று மாதமாவது விடாமல் செய்யவேண்டும். அடுத்த தைக்கு நாள் இருக்கிறது, அழவேண்டாம் என்று சொல்லுங்கள்.

எங்கள் அப்பச்சி அப்புறம் நடக்கவில்லை. காவடி புறப்படுகிற அன்றைக்கு மட்டும் குன்றக்குடி வந்து நிற்பார். சகலை பக்கத்தில் வந்தால் காலைப் பின்னுக்கு இழுத்துக்கொள்வார்.