பொய் எச்சரிக்கைக்கு விமானத்தை ஏன் நிறுத்தினார்கள்?

கேள்வி: ரன்வேயில் வேகமெடுத்த எங்கள் விமானம் சட்டென்று பிரேக் போட்டு நின்றுவிட்டது. காக்பிட்டில் பொய்யாக ஓர் எச்சரிக்கை வந்ததாகக் கேப்டன் சொன்னார். இரண்டு மணி நேரம் கழித்து அதே விமானம் கிளம்பியது. பொய் என்றால் ஏன் நிறுத்த வேண்டும்? அதிலேயே மறுபடி போனது சரிதானா?

பதில்: சரிதான். எச்சரிக்கை பொய் என்பது நின்று சோதித்த பிறகு தெரிந்தது. ஓடும்போது விமானிக்குத் தெரிவது ஒரு விளக்கும் ஒலியும் மட்டுமே. ஆராய ஓரிரு நொடிகூடக் கிடைக்காது.

அதனால் எதற்கு நிறுத்துவது என்பதைக் கிளம்பும் முன்பே பேசி வைத்துவிடுவார்கள். போயிங்கில் சுமார் 80 நாட், ஏர்பஸ்ஸில் 100 நாட் (மணிக்கு 185 கி.மீ.) வரை சின்னக் கோளாறுக்கும் நிறுத்தலாம். அதற்கு மேல் தீ, இன்ஜின் செயலிழப்பு, விமானம் பறக்காது என்ற நிலை போன்றவற்றுக்கு மட்டும்தான். அந்த வேகத்தில் கவனம் சிதறக்கூடாது என்று, அவசரமில்லாத பல எச்சரிக்கைகளை விமானமே அடக்கி வைக்கும். 'வி-ஒன்' என்ற வேகத்தைத் தாண்டிவிட்டால் மிச்ச ரன்வேக்குள் நிற்க முடியும் என்ற உறுதி இல்லை. மேலே எழும்பித்தான் ஆக வேண்டும்.

இந்த விதி எவ்வளவு முக்கியம் என்பதற்கு 1992 ஜூலை 30 நினைவுக்கு வருகிறது. நியூயார்க்கின் கென்னடி விமான நிலையத்தில் டிடபிள்யூஏ 843 என்ற பயணிகள் விமானம் தரையை விட்டு எழும்பியதுமே, விமானம் தாங்காமல் விழப்போகிறது என்ற எச்சரிக்கை வந்தது. பழுதான ஒரு சென்சார் கொடுத்த பொய் அது. விமானம் நன்றாகவே பறந்திருக்கும். விமானிகள் அதை மறுபடி ரன்வேயில் இறக்கினார்கள். விமானம் எரிந்து நாசமானது. உள்ளே இருந்த 292 பேரும் பிழைத்தது பெரிய ஆறுதல்.

உங்களுடையது தரையிலேயே நின்றுவிட்டது. அப்புறம் அந்த இரண்டு மணி நேரம்? சென்சாரையும் வயரிங்கையும் சோதித்து, பொறியாளர் பதிவேட்டில் கையெழுத்துப் போட வேண்டும். பிரேக்கும் ஆற வேண்டும். நின்ற பிறகும் சில நிமிடங்களுக்கு அதன் சூடு ஏறிக்கொண்டே போகும். அளவு மீறினால் டயர் வெடிக்காமல் காற்று இறங்கிவிட, சக்கரத்திலேயே உருகும் அடைப்பான்கள் உண்டு.

இனி எப்போதாவது இப்படி நின்றால், பெல்ட்டைக் கழற்றாமல் உட்கார்ந்திருங்கள். வெளியேறச் சொன்னால் மட்டும் எழுந்திருங்கள், பையை எடுக்காமல்.